ஏ மைனர் ஆர்பெஜியோ: விரல் ஓடுகிறது, பாட்டு ஓடவில்லை

ஐந்தாம்ஃப்ரெட்

வணக்கம். எலெக்ட்ரிக் கிட்டார், பிக் (கம்பியை மீட்டும் சிறு தகடு) வைத்து வாசிக்கிறேன். ஆசிரியர் யாரும் இல்லை. காணொளிகளைப் பார்த்துக் கற்றுக்கொண்டதுதான். சில மாதங்களாக மைனர் ஆர்பெஜியோவில், அதாவது கார்டின் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டத்தின்) ஸ்வரங்களை ஒவ்வொன்றாக வாசிப்பதில், நின்ற இடத்திலேயே நிற்கிறேன்.

ஏ மைனருக்கு எனக்குத் தெரிந்த வடிவம் இது (6ஆம் கம்பி தடித்தது, 1ஆம் கம்பி மெல்லியது; எதிரே உள்ளவை ஃப்ரெட் எண்கள், அதாவது கழுத்தில் விரல் அழுத்தும் கட்டங்கள்):

6ஆம் கம்பி: 5, 8
5ஆம் கம்பி: 7
4ஆம் கம்பி: 7
3ஆம் கம்பி: 5
2ஆம் கம்பி: 5
1ஆம் கம்பி: 5, 8

மெட்ரோனோமை (தாளம் தட்டும் கருவி) 100இல் வைத்து, அடிக்கு மூன்று ஸ்வரம் வீதம் தடங்கல் இல்லாமல் ஏறி இறங்குகிறேன். பிரச்சினை இரண்டு. 3, 2, 1 ஆகிய கம்பிகளில் ஐந்தாம் ஃப்ரெட்டில் வரும் மூன்று ஸ்வரங்களும் தனித்தனியாகக் கேட்பதில்லை; ஒன்றோடொன்று கலந்து கார்டாகவே ஒலிக்கின்றன. அடுத்தது இதைவிடப் பெரியது. நண்பன் ஏ மைனர், டி மைனர், இ7 என்று மாற்றி மாற்றி வாசிக்கும்போது, நான் ஒவ்வொரு கார்டுக்கும் தாழ்ந்த கம்பிக்கு ஓடிப்போய் அங்கிருந்து ஏறத் தொடங்குகிறேன். நேற்று அவனே கேட்டுவிட்டான்: "பயிற்சி முடிந்ததா, பாட்டை ஆரம்பிக்கலாமா?"

ஃப்ரெட் பலகை முழுவதற்கும் ஐந்து நிலைகள் உண்டு என்கிறார்கள். அவை எல்லாவற்றையும் மனப்பாடம் செய்தால் இது சரியாகுமா? அல்லது வேறு வழி இருக்கிறதா?

விரல்நுனி

ஆர்பெஜியோவுக்கு முதலில் வலக்கையைக் கவனியுங்கள். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல், மோதிரவிரல் நான்கும் ஒரே பலத்தில் மீட்ட வேண்டும். மௌரோ ஜூலியானி வியன்னாவில் இருந்த காலத்தில் எழுதிய 120 வலக்கைப் பயிற்சிகளை இணையத்தில் தேடி எடுங்கள். மொத்தமும் சி மேஜர், ஜி7 என்ற இரண்டே கார்டுகளில் இருக்கும். அதனால் இடக்கைக்கு வேலை குறைவு, கவனம் முழுவதும் வலக்கைக்குப் போகும். மைனர் வேண்டுமென்றால் அந்த இரண்டுக்குப் பதிலாக ஏ மைனர், இ7 பிடித்து அதே பயிற்சிகளை வாசிக்கலாம். நான் மாணவர்களுக்கு அப்படித்தான் கொடுக்கிறேன். ஒரு பயிற்சி நான்கு முறை, அவசரமில்லாமல்.

ஐந்தாம்ஃப்ரெட்

நன்றி ஐயா. ஆனால் நான் கேட்டது கார்டைப் பிடித்துக்கொண்டு விரலால் மீட்டுவதைப் பற்றி அல்ல. பிக் வைத்து, ஒரு ஸ்வரம் அடங்கிய பிறகு அடுத்த ஸ்வரம் என்று சோலோவில் வாசிப்பதைப் பற்றித்தான்.

விரல்நுனி

அப்படியானால் என் பதில் வேறு யாருக்காவது பயன்படட்டும். இருந்தாலும் ஏ மைனர், இ7 பயிற்சியை ஒருமுறை செய்து பாருங்கள். கார்டு மாறும்போது எந்த விரல் நகர்கிறது, எது நகராமல் நிற்கிறது என்பது அதில் கண்ணுக்கே தெரியும். உங்களுடைய இரண்டாவது பிரச்சினைக்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்று நினைக்கிறேன்.

கச்சேரிக்கம்பி

தம்பி, ஐந்து நிலைகளை இப்போதைக்கு மூட்டை கட்டி வையுங்கள். ஒரு நிலையை வைத்துக்கொண்டே பாட்டுக்கு வாசிக்க வரவில்லை என்கிறீர்கள். ஐந்து கிடைத்தால் ஐந்து இடத்தில் பயிற்சி வாசிப்பீர்கள், அவ்வளவுதான்.

நான் மெல்லிசைக் குழுக்களில் வாசித்தவன். கல்யாண வீடு, கோயில் கொடை, கல்லூரி ஆண்டு விழா எல்லாம் பார்த்தாயிற்று. மேடையில் கீபோர்டும் பேஸும் அடி ஸ்வரங்களை எடுத்துக்கொள்ளும். அங்கே ஆறாம் கம்பியிலிருந்து நீங்கள் ஏறி வருவது கூட்டத்தில் ஒருவர் காதிலும் விழாது. கேட்பது மேல் மூன்று கம்பிகள்தான். ஆகவே அந்த மூன்றை மட்டும் எடுங்கள்.

உங்கள் வடிவத்தின் மேல்பகுதி 5-5-5 (3, 2, 1 கம்பிகள் என்ற வரிசையில்). அதாவது சி, இ, ஏ. இது ஏ மைனர்.

அதே இடத்தில் டி மைனர்: 7-6-5. அதாவது டி, எஃப், ஏ.

அதே இடத்தில், இ7க்கு இப்போதைக்கு இ மேஜர்: 4-5-4. அதாவது பி, இ, ஜி ஷார்ப்.

இப்போது கையைப் பாருங்கள். ஏ மைனரிலிருந்து டி மைனருக்குப் போகையில் ஏ அசையவே இல்லை. இ ஒரு ஃப்ரெட் ஏறி எஃப் ஆனது, சி இரண்டு ஃப்ரெட் ஏறி டி ஆனது. இ மேஜருக்குப் போகையில் இ அப்படியே நிற்கிறது. சி ஒரு ஃப்ரெட் இறங்கி பி, ஏ ஒரு ஃப்ரெட் இறங்கி ஜி ஷார்ப். மூன்று கார்டுகளும் ஒரு கை அகலத்துக்குள் கிடக்கின்றன. ஆறாம் கம்பிக்கு ஓடும் வேலையே இல்லை.

இன்னொன்று. ஏயிலிருந்து சி மூன்று ஃப்ரெட், சியிலிருந்து இ நான்கு ஃப்ரெட். மேஜரில் இது நான்கு, மூன்று என்று திரும்பிவிடும். மைனருக்கு முகம் கொடுப்பது அந்த நடு ஸ்வரம் ஒன்றுதான். நீங்கள் எழுதிய வடிவத்தில் சி எங்கெங்கே இருக்கிறது என்று கிட்டாரைப் பார்க்காமல் சொல்ல முடிகிறதா? முடியாவிட்டால் நீங்கள் கற்றது விரல் போகும் தடம் மட்டுமே.

வேகப்பிரியன்

ஐயா சொல்வதில் பாதிக்குத்தான் உடன்பாடு. மேல் மூன்று கம்பிகள் நல்ல தொடக்கம். ஆனால் முழு வடிவத்தை "தடம்" என்று ஒதுக்குவது நியாயமில்லை. மெட்டல் வாசிப்பவனுக்கு இரண்டு அடிக்கு ஒரு கார்டு மாறும். அந்த வேகத்தில் எது சி, எது எஃப் என்று யோசித்துக்கொண்டிருக்க முடியாது. கைக்குத் தானாக வர வேண்டும். கைக்கு வருவது வடிவத்தால்தான்.

சரி, முதல் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. 3, 2, 1 கம்பிகள் மூன்றும் ஐந்தாம் ஃப்ரெட்டில் இருப்பதால் ஆள்காட்டி விரலைப் படுக்கவைத்து மூன்றையும் ஒன்றாக அழுத்துகிறீர்கள், சரியா? கார்டு கேட்பது அதனால்தான். விரலை உருட்ட வேண்டும்.

ஏறும்போது 3ஆம் கம்பியை விரல் நுனியால் அழுத்துங்கள். 2ஆம் கம்பிக்குப் போகையில் விரலைத் தூக்க வேண்டாம். சற்றே சாய்த்து, நுனிக்குக் கீழுள்ள சதையால் அழுத்துங்கள். சாய்க்கும்போதே நுனியின் அழுத்தம் 3ஆம் கம்பியிலிருந்து விலகும். ஆனால் நுனி கம்பியைத் தொட்டுக்கொண்டே இருக்கும். அந்தத் தொடுதல்தான் கம்பியை அடக்குகிறது. இன்னும் சாய்த்தால் முதல் கணுவை ஒட்டிய பகுதி 1ஆம் கம்பிக்கு வரும். இறங்கும்போது இதே அசைவு திரும்பி வரும்: 1ஆம் கம்பியை அழுத்தும்போதே நுனி 3ஆம் கம்பிக்கு மேல் தயாராக இருக்க வேண்டும். 5ஆம் கம்பி 7, 4ஆம் கம்பி 7 இரண்டுக்கும் மோதிரவிரலால் இதையே செய்யுங்கள். அது இன்னும் கடினம், ஏனென்றால் அந்த விரல் அவ்வளவு எளிதாகச் சாயாது.

பிக் பிடித்த கை: மூன்று கம்பிகளுக்கும் தனித்தனியாகக் கீழ் அடி வேண்டாம். ஒரே இழுப்பில் போங்கள். ஆனால் கார்டு அடிப்பதுபோல் விசிறக் கூடாது. பிக் ஒரு கம்பியைத் தள்ளிக் கடந்ததும் அடுத்த கம்பியின் மேல் போய் உட்கார வேண்டும். அடுத்த அடி வரும்வரை அங்கேயே காத்திருக்கட்டும். தாண்டிவந்த தடித்த கம்பிகளை உள்ளங்கையின் ஓரம் அடக்கிக்கொண்டே வரும்.

வேகம் 100 என்று எழுதியிருக்கிறீர்கள். 50க்கு இறங்குங்கள். உருட்டுவது 100இல் கற்க வராது.

ஐந்தாம்ஃப்ரெட்

உருட்டிப் பார்த்தேன். ஏறும்போது பரவாயில்லை. இறங்கும்போது 2ஆம் கம்பி ஊமையாகிவிடுகிறது. டிஸ்டார்ஷன் (ஒலியைக் கரகரப்பாக்குவது) போட்டுப் பயிற்சி செய்வதா, இல்லாமல் செய்வதா?

வேகப்பிரியன்

இரண்டும் வேண்டும். டிஸ்டார்ஷன் சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமப்படுத்திவிடும். அதனால் ஒரு ஸ்வரம் பலமாகவும் ஒன்று மெலிந்தும் விழுந்தால் அதில் தெரியாது. அதைக் காட்டிக்கொடுப்பது டிஸ்டார்ஷன் இல்லாத ஒலி. மறுபக்கம், அடங்காமல் மிச்சமிருக்கும் கம்பியின் ஓசை டிஸ்டார்ஷனில் பூதாகரமாகக் கேட்கும். சமத்தன்மைக்கு அது இல்லாமல், அடக்கத்துக்கு அதோடு.

2ஆம் கம்பி ஊமையாவதற்குக் காரணம், 1ஆம் கம்பியை அழுத்தும்போது விரலை வெளிப்பக்கமாக வளைத்து 2ஆம் கம்பியின் மேல் வெற்றிடம் விடுகிறீர்கள். முழங்கையை உடம்போடு ஒட்டி வைத்துப் பாருங்கள். விரல் சாயும் கோணமே மாறும்.

கச்சேரிக்கம்பி

வேகப்பிரியன் தம்பி எழுதிய உருட்டல் விளக்கம் அருமை. இத்தனை வருடம் கைக்குப் பழகியதை நான் இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்க மாட்டேன்.

ஆனால் அந்த "யோசிக்க முடியாது" என்ற வாதத்தை ஏற்க மாட்டேன். மேடையில் யாரும் யோசிப்பதில்லை. கேட்கிறோம். கேட்பதற்கு வீட்டில் மெதுவாக யோசித்திருக்க வேண்டும். வடிவத்தை மட்டும் ஏற்றிக்கொண்டு மேடைக்கு வந்த பையன்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பாடகர் சுருதியை மாற்றினால் அவர்கள் நகர்ந்துவிடுவார்கள், அதில் குறையில்லை. ஒரே ஒரு கார்டு எதிர்பாராமல் மாறினால்தான் அத்தனை பேரும் நின்றுவிடுவார்கள்.

சாதாரணகாந்தாரம்

நான் வாய்ப்பாட்டு கற்றவன், கிட்டார் பிறகுதான் வந்தது. இந்த மூன்று கார்டுகளைப் பார்த்ததும் கை பரபரத்தது, எழுதாமல் போக முடியவில்லை.

ஏயை சட்ஜமாக வையுங்கள். ஏ மைனர்: ஸ, சாதாரண காந்தாரம், ப. டி மைனர்: சுத்த மத்யமம், சுத்த தைவதம், ஸ. இ மேஜர்: ப, காகலி நிஷாதம், சதுஸ்ருதி ரிஷபம். மூன்றையும் கூட்டினால் ஸ ரி க ம ப த நி ஏழும் வந்துவிட்டன. அந்த ஏழும் 21ஆவது மேளமான (தாய் ராகமான) கீரவாணி. மேற்கத்தியர்கள் ஹார்மோனிக் மைனர் என்று சொல்வதும் இதுதான்.

அடுத்தது இன்னும் சுவாரசியம். இ மேஜரை இ மைனர் ஆக்கினால் நிஷாதம் கைசிகியாக மாறும்: நடபைரவி. அதை விட்டுவிட்டு டி மைனரை மட்டும் டி மேஜர் ஆக்கினால் தைவதம் சதுஸ்ருதிக்கு ஏறும்: கௌரிமனோகரி. டி மேஜர், இ மைனர் இரண்டையும் சேர்த்து வைத்தால் கரகரப்ரியா. 20 முதல் 23 வரை நான்கு மேளங்களும் இரண்டு கார்டுகளின் நடு ஸ்வரத்தில் அடங்கிவிட்டன. நடு ஸ்வரம்தான் முகம் என்று கச்சேரிக்கம்பி ஐயா எழுதியதை நான் இப்படித்தான் புரிந்துகொண்டேன்.

இதனால் வாசிப்பவருக்கு என்ன லாபம்? டி மைனர் வரும்போது டியைப் புதிய சட்ஜமாக நினைக்காதீர்கள். நண்பர் ஒவ்வொரு கார்டிலும் அடியிலிருந்து தொடங்குவதற்கு அதுதான் காரணம் என்று தோன்றுகிறது. ஒவ்வொரு முறையும் மனத்துக்குள் சட்ஜம் இடம் மாறுகிறது. ஏயிலேயே சுருதிப்பெட்டியை வைத்துவிட்டு, ஏ மைனரை "ஸ க ப" என்றும் டி மைனரை "ம த ஸ" என்றும் இ மேஜரை "ப நி ரி" என்றும் வாயால் பாடிக்கொண்டே வாசியுங்கள். தொண்டையில் வராதது விரலில் ஒழுங்காக வராது.

விரல்நுனி

அழகான கணக்கு. ஆனால் ஸ்வரங்கள் பொருந்திவிட்டதால் ராகம் வந்துவிடாது. கரகரப்ரியாவின் காந்தாரத்தை நீங்கள் அசைக்காமல் பாடுவீர்களா? ஐந்தாம் ஃப்ரெட்டில் அது கம்பம் நட்டதுபோல் நிற்கும்.

சாதாரணகாந்தாரம்

பாட மாட்டேன், ஒப்புக்கொள்கிறேன். ராகம் வாசிக்கச் சொல்லவில்லை. ஏழு ஸ்வரங்களும் எந்தக் கார்டிலிருந்து வருகின்றன என்று காது அறிய, நமக்கு ஏற்கெனவே தெரிந்த ஸ்வரப் பெயர்களைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்றுதான் சொன்னேன். கமகத்தைத் தொடங்கினால் இழை கார்டை விட்டே போய்விடும்.

நெறியாளர்

போய்விடும் என்று எனக்கும் தோன்றுகிறது. கிட்டாரில் கமகம் பற்றிப் பேசத் தனி இழை தொடங்குங்கள், நானும் வருகிறேன். இங்கே ஆர்பெஜியோ.

ஐந்தாம்ஃப்ரெட்

சட்ஜத்தை நகர்த்தாமல் பாடுவது உண்மையிலேயே வேலை செய்கிறது. "ப நி ரி" பாடும்போது அந்த நிஷாதம் ஏவுக்குப் போகத் துடிக்கிறது. அதை இதுவரை நான் கேட்டதே இல்லை, வாசித்திருக்கிறேன், அவ்வளவுதான்.

5-5-5, 7-6-5, 4-5-4 இப்போது கைக்கு வந்துவிட்டன. ஆனால் கார்டு மாறும் இடத்தில் தாமதிக்கிறேன். நண்பன் டி மைனருக்குப் போன பிறகுதான் எனக்கு உறைக்கிறது. இன்னொரு கேள்வி: அவன் சில நேரம் டி மைனர் இடத்தில் எஃப் மேஜர் வாசிக்கிறான். அப்போது நான் ஏ மைனரிலேயே நின்றால் தவறாகுமா? காதுக்குத் தவறாகத் தெரியவில்லை.

கச்சேரிக்கம்பி

இரண்டாவதை முதலில் முடித்துவிடுகிறேன். தவறே இல்லை. எஃப் மேஜர் கார்டில் எஃப், ஏ, சி. நீங்கள் வாசிப்பது ஏ, சி, இ. இரண்டு ஸ்வரம் பொது. கூடுதலாக வரும் இ சேர்ந்து எஃப் மேஜர் 7 ஆகிறது. சி மேஜரின் மேல் அதே ஏ மைனரை வாசித்தால் சி6. டி மைனரின் மேல் வாசித்தால், டியிலிருந்து எண்ணும்போது ஐந்தாம், ஏழாம், ஒன்பதாம் ஸ்வரங்கள் கிடைக்கும். அதில் டியும் எஃப்பும் இல்லாததால் கொஞ்சம் அந்தரத்தில் மிதக்கும். சில பாட்டுக்கு அது நன்றாக இருக்கும், சிலதுக்கு பேஸ் வாசிப்பவர் முறைப்பார். இதே கணக்கில், சி மேஜரின் மேல் இ மைனரை வாசித்தால் சி மேஜர் 7, ஜி7இன் மேல் டி மைனரை வாசித்தால் ஜி9இன் மேல்பாகம். ஒரு மைனர் ஆர்பெஜியோவை ஒழுங்காகக் கற்றால் பல கார்டுகளுக்குச் செலவழிக்கலாம் என்பது இதனால்தான்.

இப்போது தாமதத்துக்கு வருவோம். கார்டு மாறிய பிறகு புதிய ஸ்வரத்தைத் தேடினால் தாமதம் தவிர்க்க முடியாதது. மாறுவதற்கு முந்தைய அடியிலேயே ஒரு ஃப்ரெட் பக்கத்தில் போய் நின்றுவிட வேண்டும். கீழே உள்ளதை வாசியுங்கள். அடிக்கு ஒரு ஸ்வரம், பாருக்கு (நான்கு அடி கொண்ட ஒரு சுற்றுக்கு) நான்கு. முதலில் வருவது கம்பி, அடுத்தது ஃப்ரெட்.

ஏ மைனர்: 3/5, 2/5, 1/5, 2/5 (சி, இ, ஏ, இ)
டி மைனர்: 2/6, 3/7, 2/6, 1/5 (எஃப், டி, எஃப், ஏ)
இ7: 1/4, 2/5, 3/7, 3/4 (ஜி ஷார்ப், இ, டி, பி)
ஏ மைனர்: 3/5 (சி), மீண்டும் தொடக்கத்திலிருந்து

பார் மாறும் மூன்று இடங்களையும் மட்டும் பாருங்கள். இயிலிருந்து எஃப். ஏயிலிருந்து ஜி ஷார்ப். பியிலிருந்து சி. மூன்றும் ஒரு ஃப்ரெட் தூரம், மூன்றும் அதே கம்பியில். டி மைனரில் எஃப்பும் இ7இல் ஜி ஷார்ப்பும் ஏ மைனரில் சியும் அவற்றின் நடு ஸ்வரங்கள். அதாவது ஒவ்வொரு கார்டின் முகமும் முதல் அடியிலேயே தெரிந்துவிடுகிறது. உடன் யாரும் வாசிக்காவிட்டாலும் கார்டு மாறுவது கேட்கும்.

இ7 பாரில் 3/7இல் வரும் டிக்குச் சுண்டுவிரல், 3/4க்கு ஆள்காட்டி. கை நான்காம் ஃப்ரெட்டில் நிலையாக இருந்தால் எல்லாம் எட்டும்.

நண்பனைத் தொந்தரவு செய்ய வேண்டாம். அலைபேசியில் நீங்களே மூன்று கார்டுகளையும் 60இல் பதிவு செய்து அதன் மேல் வாசியுங்கள். அந்தப் பதிவில் உங்கள் தாளம் எங்கே தள்ளாடுகிறது என்பதும் சேர்ந்து தெரிந்துவிடும். அது தனி ஞானம்.

புதியநைலான்

இடையில் வருவதற்கு மன்னிக்கவும் அண்ணா. என்னுடையது நைலான் கம்பிக் கிட்டார், கை சிறியது. முதல் பதிவில் உள்ள வடிவத்தில் 5இலிருந்து 8க்குச் சுண்டுவிரலை நீட்டும்போது மணிக்கட்டு வலிக்கிறது. சின்ன கிட்டார் வாங்கினால்தான் சரியாகுமா?

விரல்நுனி

இது என் பேட்டை, நான் சொல்கிறேன் அம்மா. நீளம் காரணமில்லை. முழு அளவு கிளாசிக்கல் கிட்டாரின் கம்பி நீளம் வழக்கமாக 650 மில்லிமீட்டர். பெரும்பாலான ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகைக் கிட்டார்கள் 648. வித்தியாசம் ஒன்றுமில்லை. வேறுபடுவது கழுத்தின் அகலம். மேல்நுனியில் நைலானுக்கு ஏறக்குறைய 52 மில்லிமீட்டர், எலெக்ட்ரிக்குக்கு 42, 43. அந்த அகலத்தைச் சுற்றிக் கட்டைவிரலை மேலே கொண்டுவந்து பிடித்தால் மணிக்கட்டு மடங்கும், விரலும் நீளாது. கட்டைவிரலைக் கழுத்தின் பின்புறம் நடுவில், நடுவிரலுக்கு எதிரே வையுங்கள். கிட்டாரின் தலை உங்கள் கண் உயரத்துக்கு ஏறட்டும். அதற்குத்தான் இடது காலுக்குச் சிறு பலகை வைப்பது.

வலியோடு நீட்டிப் பழக வேண்டாம். 650 நீளத்தில் 5ஆம் ஃப்ரெட்டுக்கும் 8க்கும் இடையே ஏறத்தாழ 77 மில்லிமீட்டர். அதே மூன்று ஃப்ரெட் 12க்கும் 15க்கும் இடையே 52தான். ஆகவே 5ஆம் கம்பியில் தொடங்கும் ஏ மைனரை எடுங்கள்: 5ஆம் கம்பி 12, 15, 4ஆம் கம்பி 14, 3ஆம் கம்பி 14, 2ஆம் கம்பி 13, 1ஆம் கம்பி 12. உங்கள் கிட்டாரில் உடம்புப் பகுதி 12இல் சேருமாதலால் 15 கொஞ்சம் இடிக்கும். இடித்தால் அதை விட்டுவிட்டு மற்றவற்றை வாசியுங்கள். 1ஆம் கம்பி 17ஐயும் சிலர் சேர்ப்பார்கள், 12இலிருந்து அது 80 மில்லிமீட்டரைத் தாண்டும். உங்களுக்கு இப்போது வேண்டாம். வாசிக்காத நேரத்திலும் வலி இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

புதியநைலான்

கட்டைவிரலை மாற்றியதுமே வித்தியாசம் தெரிகிறது. மிக்க நன்றி ஐயா.

வேகப்பிரியன்

கச்சேரிக்கம்பி ஐயாவின் வரியை வாசித்தேன். நன்றாக இருக்கிறது, இது வேகமாகவும் வரும். அடிக்கு மூன்றாக ஆக்கி 90 வரை கொண்டுபோனேன்.

ஒரு சேர்க்கை. இ7 பாரில் இ ஆர்பெஜியோவுக்குப் பதிலாக ஜி ஷார்ப் டிமினிஷ்ட் 7 வாசித்துப் பாருங்கள்: ஜி ஷார்ப், பி, டி, எஃப். இ7இல் உள்ள மூன்று ஸ்வரங்கள் அதிலேயே இருக்கின்றன. கூடுதலாக வரும் எஃப்தான் உறைப்பு. ஸ்வரங்களுக்கு இடையே எல்லாமே மூன்று ஃப்ரெட் தூரம் என்பதால் ஒரு வடிவம் கற்றால் மூன்று ஃப்ரெட் தள்ளி அதையே மறுபடி வாசிக்கலாம். முதல் கம்பியில் 4, 7, 10, 13. மெட்டல் சோலோக்களில் நீங்கள் கேட்கும் அந்தப் படிக்கட்டு இதுதான்.

கச்சேரிக்கம்பி

சாதாரணகாந்தாரத்தின் பாஷையில் அது "நி ரி ம த". கீரவாணிக்குள்ளேயே இருப்பதால் ஒட்டும். ஆனால் ஒரு பாட்டுக்கு ஒரு தடவை போதும். மூன்று ஃப்ரெட் தள்ளித் தள்ளி வாசிப்பது கைக்குச் சுகமாக இருப்பதால் நிறுத்தத் தோன்றாது, அதுதான் தொல்லை.

ஐந்தாம்ஃப்ரெட்

வரி கைக்கு வந்துவிட்டது. நண்பன் கார்டு வாசிக்காமலேயே "இப்போது இ7 வந்தது" என்று சொன்னான். அடுத்து முழு வடிவத்துக்குத் திரும்பலாமா?

கச்சேரிக்கம்பி

திரும்பலாம், ஆனால் அதற்கு முன் இதே மூன்று கம்பிகளில் அடுத்த படிக்கட்டு ஏறுங்கள். ஏ மைனர் 9-10-8 (இ, ஏ, சி). அதற்குப் பக்கத்தில் டி மைனர் 10-10-10 (எஃப், ஏ, டி). இ மேஜர் 9-9-7 (இ, ஜி ஷார்ப், பி). இந்த முறை வரியை நான் எழுத மாட்டேன். ஒவ்வொரு பாரின் கடைசி ஸ்வரமும் அடுத்த பாரின் முதல் ஸ்வரமும் ஒரு ஃப்ரெட் தூரத்தில் இருக்க வேண்டும். முதல் ஸ்வரம் எல்லா இடத்திலும் நடு ஸ்வரமாக இருக்க வேண்டும். நீங்களே எழுதி இங்கே போடுங்கள்.

ஐந்தாம்ஃப்ரெட்

இப்படிப் போட்டிருக்கிறேன்:

ஏ மைனர்: 1/8, 2/10, 1/8, 3/9 (சி, ஏ, சி, இ)
டி மைனர்: 3/10, 2/10, 1/10, 2/10 (எஃப், ஏ, டி, ஏ)
இ மேஜர்: 2/9, 3/9, 2/9, 1/7 (ஜி ஷார்ப், இ, ஜி ஷார்ப், பி)
ஏ மைனர்: 1/8 (சி)

டி மைனரில் மூன்றும் பத்தாம் ஃப்ரெட். உருட்டித்தான் வாசிக்கிறேன், கலக்கவில்லை.

வேகப்பிரியன்

டி மைனர் பாரில் எந்த விரல்? ஆள்காட்டியா, மோதிரவிரலா?

ஐந்தாம்ஃப்ரெட்

மோதிரவிரல். ஆள்காட்டியை வைத்தால் அடுத்த பாரின் 1/7க்குக் கையை நகர்த்த வேண்டியிருக்கிறது.

கச்சேரிக்கம்பி

நல்ல வரி. முதல் பாரில் முதல் கம்பியிலிருந்து மூன்றாம் கம்பிக்குத் தாவுகிறீர்கள், அங்கே பிக் இரண்டாம் கம்பியை உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இனி மெட்ரோனோமை 30க்கு இறக்கி, அது தட்டுவதை 2ஆம் அடி, 4ஆம் அடி என்று எண்ணி வாசியுங்கள். முதல் அடியை நீங்களேதான் வைக்க வேண்டும். அது நின்றதும் டி மைனரைச் சட்ஜமாக வைத்து, ஜி மைனர், ஏ7 சேர்த்து இதே வேலையை ஐந்தாம் ஃப்ரெட் பக்கத்திலேயே தேடுங்கள். வரியைப் போட்டால் பார்க்கிறேன். இந்த வாரம் இரண்டு கல்யாணம் இருக்கிறது, பதில் தாமதமாகும்.